காதில் ஊற்றிய ஒரு லிட்டர்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றில்தான் வரும். மற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும் என்கிறார்கள். எனக்கு அதெல்லாம் பிறகு. முதலில் வயிறு ஒரு முறை புரண்டு படுக்கும். உடனே என் கண் மறைவான இடத்தைத் தேடும். பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, கட்டடத்துக்கு முன் அதன் பின்னால் இருந்த பனந்தோப்பைத்தான் பார்த்தேன். தோப்பு நல்ல அடர்த்தி. சரி, இங்கே உத்தியோகம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்தைய கதை இது. பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை, ஒரு கரும்பலகை, சுவரில் பிரான்சு தேசத்துப் படம் ஒன்று, ஒரு வாத்தியார். நாற்பது பிள்ளைகள், மூன்று வகுப்பு. மூன்று வகுப்புக்கும் ஒரே வாயால் பாடம் நடத்த முடியாது என்பதால், எங்கள் பக்கத்து வாத்தியார்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். முறை வைத்துவிடுவேன். ஒரு பிள்ளை முன்னால் நின்று “ஏழெட்டு” என்று இழுக்கும். மீதி முப்பத்தொன்பதும் “அம்பத்தாறு” என்று ஓடு அதிரக் கத்தும். வாய்ப்பாடு, மாதங்களின் பெயர், பிரெஞ்சு எண்கள், பிரான்சின் ஆறுகள் எல்லாம் இப்படித்தான் எங்கள் ஊருக்குள் இறங்கின. மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் ஆபீஸ் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே சத்தம் கேட்டால் படிப்பு நடக்கிறது என்று அர்த்தம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை நான் கற்றுக்கொண்டது அந்தச் சத்தத்துக்குள்தான்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிள்ளை, கடைத்தெருவில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்த பாயின் மகள். ஒன்பது வயது இருக்கும். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், எல்லாரையும்விட வாயை அகலமாகத் திறப்பாள். என் மனைவிகூட என் முகத்தை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. முகத்தில் ஏதோ களை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டணத்துப் பிரெஞ்சுச் சர்க்காருக்கு அனுப்பும் அறிக்கையில் அவள் பெயருக்கு எதிரே இரண்டு வருஷமும் “கவனம் மிகுதி, உச்சரிப்பு தெளிவு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நாள் மதியம் தூக்கம் தாங்காமல் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு விட்டேன். எல்லாரும் ஓடினார்கள். அவள் மட்டும் சிலேட்டில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி அவள் முதுகைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. கிட்டே போனேன். என் நிழல் சிலேட்டில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து, என் வாயைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தையல்ல, வாயை. இரண்டு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஐயோ பாவம் இந்தக் குழந்தை என்று அப்போது நான் நினைத்திருந்தால் இங்கே கொஞ்சம் பெருமையாக எழுதியிருப்பேன். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அறிக்கையிலிருந்த என் இரண்டு கையெழுத்துகள். காது கேளாத பிள்ளைக்கு உச்சரிப்பு தெளிவு என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். வயிறு புரண்டது. தோப்புக்கு ஓடினேன்.

சாயங்காலம் பாயின் கடைக்குப் போய், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மண்ணெண்ணெய்த் தகரங்களை எண்ணிக்கொண்டு நின்றேன். அவரே விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஐந்து வயதில் வந்த விஷக் காய்ச்சல் காதை முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் போகாமல் தங்கிவிட்டது. பள்ளியில் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று சொல்லாமல் விட்டார். சொல்லியிருந்தால் நானும் சேர்த்திருக்க மாட்டேன்தான். அங்கக்குறைவுள்ள பிள்ளைகளைப் பதிவேட்டில் வைக்கலாகாது என்று வந்திருந்த சுற்றறிக்கை என் மேசை இழுப்பறையில் இருந்தது.

“வூட்டுல குந்த வெச்சா அது யாரு வாயப் பாக்கும், வாத்தியாரே?” என்றார் பாய். “நானும் அவங்கம்மாவும் ரெண்டே வாயி. இஸ்கூல்ல நாப்பது வாயி கீது. அந்த நாப்பது வாயி இல்லாட்டி அது இருக்கிற பேச்சையும் மறந்துடும். பேர மட்டும் எடுத்துடாதீங்க.”

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த ஆட்டலில் சம்மதம் எவ்வளவு, நடுக்கம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நெஞ்சில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளில் கம்பவுண்டர்தான் டாக்டர். அவர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயை என் மேல் வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழாயின் காதுப் பக்கத்தை என் காதிலேயே மாட்டிவிட்டார்.

“நீயே கேளுய்யா. யாரோ தொரத்திக்கினு வர மாதிரி ஓடுது. வேற ஒண்ணும் இல்ல.”

கேட்டேன். பாறையில் கடப்பாரை விழுகிற சத்தம். ஒரு கோழையின் நெஞ்சையே இவ்வளவு பெரிதாகக் கேட்கவைக்கிற குழாய், ஒரு வாத்தியாரின் குரலை ஏன் கேட்கவைக்காது என்று அப்போதுதான் தோன்றியது. என் வாழ்நாளில் பயத்தால் விளைந்த நல்ல காரியம் அது ஒன்றுதான். கெஞ்சிக் கூத்தாடி, நெஞ்சில் வைக்கும் வட்டு உடைந்துபோய் மூலையில் கிடந்த பழைய குழாய் ஒன்றை வாங்கிவந்தேன். பாய் தன் கடையிலிருந்து தகரப் புனல் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். உடைந்த வட்டு இருந்த இடத்தில் புனலின் காம்பைச் செருகி, நூலால் இறுக்கிக் கட்டினேன். அவள் இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ள வேண்டியது. நான் புனலுக்குள் பேச வேண்டியது.

மாட்டியாயிற்று. என்ன பேசுவது? உலகத்தில் உள்ள எல்லாச் சொற்களும் என்னை விட்டு ஓடிவிட்டன. கடைசியில் “ஒண்ணு” என்றேன். அவள் கண் பெரிதாயிற்று. இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். “ரெண்டு” என்றேன்.

“நீங்க இப்டித்தான் பேசுவீங்களா?” என்று, ஏற்ற இறக்கம் இல்லாத தன் உரத்த குரலில் கேட்டாள். “மீசை அவ்ளோ பெருசா கீது. கொரலு பெருசா இருக்கும்னு நெனச்சேன்.”

முப்பத்தொன்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் மீசைக்கு அந்த ஊரில் மரியாதை போயிற்று.

குழாயின் நீளம் ஒன்றரை முழம். ஆகவே நானும் அவளிடமிருந்து ஒன்றரை முழத்துக்குள்ளேயே நடமாட வேண்டியிருந்தது. முளைக்குச்சியில் கட்டிய கன்றுக்குட்டி என்றால் சரியாக இருக்கும். புனலுக்குள் மெதுவாகப் பேசினால்தான் அவளுக்குச் சொல் பிரிந்து கேட்கும். நான் மெதுவாகப் பேசியதால் மற்றப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டியதாயிற்று. முறை வைப்பது நின்றது. என்ன, பள்ளிக்கூடம் செத்துக் கிடக்கிறதே என்று மேரியிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். தூங்க வழியில்லாமல் நானே பாடம் நடத்தத் தொடங்கினேன் என்பதையும் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

மத்தியான இடைவேளையில் பிள்ளைகள் புனலுக்கு வரிசை கட்டின. அவரவர் வீட்டுச் சண்டை, களவாடிய மாங்காய், யார் யாரைக் கிள்ளியது, எல்லாம் அந்தத் தகரத்துக்குள் போயிற்று. ஒரு மாதத்தில் ஊர் ரகசியம் முழுவதும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சிலேட்டில் பலப்பம் என்ன சத்தம் போடும் என்று ஒரு நாள் கேட்டாள். புனலுக்கு அருகே கிறீச்சென்று கிழித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்து, “இதையா தெனமும் கேக்குறீங்க?” என்றாள். ஒலி மறந்துபோயிருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டாள். நான் எழுதிய பொய் அறிக்கை மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து பள்ளி அதிகாரி பார்வையிட வருகிறார் என்று மேரியில் சொன்னார்கள். மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் நான் வகுப்பில் இருந்த நேரத்தைவிடத் தோப்பில் இருந்த நேரம் அதிகம்.

பாய் வந்தார். அவருக்கு ஒரு யோசனை இருந்தது. இப்போது நினைத்தாலும் அதுதான் சரியான யோசனை.

“தொரைகிட்டக் காட்டிடுங்க, வாத்தியாரே. புள்ளைக்குக் கேக்குதுன்னு அவரே பேசிப் பாக்கட்டும். கேக்குற புள்ளைய எப்டி எடுப்பாரு?”

நான் சுற்றறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டினேன். குழாயைக் கண்டாலே செவிடு என்று எழுதிவிடுவார்கள் என்றேன். குழாய் இல்லாமல் கூட்டத்தோடு வாயசைத்தால் போதும், இரண்டு வருஷம் நானே கண்டுபிடிக்கவில்லை, அரைமணி நேரத்தில் அவர் எங்கே கண்டுபிடிக்கப் போகிறார் என்றேன். என் முட்டாள்தனத்தையே ஆதாரமாகக் காட்டி வாதாடியது என் வாழ்க்கையில் அது முதல் தடவை. பாய் தாடியைத் தடவிக்கொண்டார். படித்தவன் சொல்கிறானே என்று நினைத்திருப்பார். “உங்களுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரி வருகிற நாள் காலையில் அவளைச் சீக்கிரம் வரச்சொல்லி, புனலுக்குள் விஷயத்தைச் சொன்னேன். இன்று ஒரு நாள் குழாய் வேண்டாம், முன்போல் வாயை மட்டும் அசை, இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

“கேக்குறது தப்பா?” என்றாள்.

இதற்கு ஒரு வாத்தியாரிடம் பதில் இருக்க வேண்டும். நான் புனலில் தூசி அடைத்திருப்பதுபோல் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மோட்டார் சத்தம். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். புத்தியுள்ளவன் குழாயைத் தோப்பில் எறிந்திருப்பான், அல்லது யாரிடமாவது கொடுத்துக் கடைக்கு அனுப்பியிருப்பான். நான் பிரான்சு தேசத்துப் படத்தைத் தூக்கி, அது மாட்டியிருந்த ஆணியிலேயே குழாயையும் மாட்டி, படத்தை மேலே விட்டேன்.

அதிகாரி வெள்ளைக்காரர் அல்ல, நம் ஆள்தான். பட்டணத்தில் பிறந்து, கோட்டும் தொப்பியும் போட்டவர்; ஐயா என்னாமல் முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். முறை வைத்தேன். நாற்பது வாயும் அசைந்தன. ஓடு அதிர்ந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பினார்.

“என்ன வாத்தியார், பிரான்சுக்கு வயிறு வீங்கியிருக்கு?”

படத்தைத் தூக்கினார். புனல் ஆடியது. குழாயை ஆணியிலிருந்து எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. வயிறு முந்திக்கொண்டது.

“லிட்டர் பாடத்துக்கு, முசியே” என்றது என் வாய்.

எங்கள் ஊர் முழுக்கப் படியும் ஆழாக்கும்தான். பிரெஞ்சுச் சர்க்காருக்கோ லிட்டர்தான் அளவு. லிட்டரைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றச்சொல்லி வருஷா வருஷம் காகிதம் வரும். அதனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நடத்திக் காட்டு, பார்க்கலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தண்ணீர் வந்தது. லிட்டர்த் தகரம் வந்தது. ஒரு கையில் புனலைத் தூக்கிப் பிடித்து, காதில் மாட்டும் இரண்டு முனைகளையும் இரண்டு சொம்புக்குள் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு லிட்டர் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு அரை லிட்டர் என்று அறிவித்தேன். இரண்டு முனையிலிருந்தும் நூல்போலத் தண்ணீர் இறங்கியது. ஒரு லிட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் நான் இரண்டாம் வரிசையைப் பார்க்காமல் பிரான்சின் ஆறுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“த்ரே பியேன்” என்றார் அதிகாரி. ரொம்ப நல்லது என்று தமிழிலும் ஒரு முறை சொன்னார். இப்படிக் கண்ணால் பார்க்கும்படி லிட்டரைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரைத் தான் எந்த ஊரிலும் பார்த்ததில்லையாம். தப்பித்துவிட்டோம் என்று என் வயிறு லேசாயிற்று.

அப்போது அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கவில்லை, எடுத்துக்கொண்டாள். உதறினாள். இரண்டு முனையையும் பாவாடையில் துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். புனலை அதிகாரியின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“இது காது” என்றாள். “பேசுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார், புனலைப் பார்த்தார். எழுந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குனிந்து புனலுக்குள் அவள் பெயரைக் கேட்டார். அதட்டத் தெரியாதவர் என்று சொன்னேன் அல்லவா. புனலுக்குள் முகம் புதைத்துப் பேசியதால் அவர் வாய் அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். அவர் மறுபடி கேட்டார். வயது என்ன என்று கேட்டார். மூன்றாவது முறை கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

“தண்ணி சத்தம்தான் கேக்குது” என்றாள்.

குழாய்க்குள் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நான் ஊற்றியது. ஊற்றியிருக்காவிட்டால் பெயர், வயது, தகப்பன் பெயர், ஏழெட்டு, அவர் கேட்ட எதற்கும் பதில் சொல்லியிருப்பாள். காலையில்கூட நான் புனலுக்குள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பதில் சொன்னவள்தானே. கொஞ்சம் பொறுங்கள், முசியே, குழாய் காயட்டும், பிறகு கேளுங்கள் என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வாயைத் திறந்தேன். மன்னிக்கச் சொல்லிவிட்டுத் தோப்புக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அதிகாரி பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். சிவப்பு மையில் அவள் பெயரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு சொல்: செவிடு. கோட்டை நேராகப் போட அடிக்கோலைப் பயன்படுத்தியிருந்தார். “இங்கே வெச்சிருக்கிறது அந்தப் பிள்ளைக்கே கஷ்டம், வாத்தியார்” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். என் பெயருக்கு எதிரே லிட்டர் பாடத்தைப் புகழ்ந்து இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். அந்த வருஷம் கொம்யூனிலேயே நல்ல பெயர் எடுத்த வாத்தியார் நான்தான்.

குழாயைக் காயவைக்கிறேன் பேர்வழி என்று ஓட்டின் மேல் வெயிலில் போட்டேன். பதைப்பில் மூன்று நாள் எடுக்கவில்லை. பழைய ரப்பர்; எடுத்தபோது தொட்ட இடமெல்லாம் வெடித்தது. கம்பவுண்டரிடம் வேறு குழாய் இல்லை. பட்டணத்துக்கு எழுதிக் கேள் என்றார். யார் பெயரில், எந்தப் பிள்ளைக்கு என்று எழுதுவது? பதிவேட்டில்தான் அப்படி ஒரு பிள்ளை இல்லையே.

புனலை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து, திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டு, போகும் வழியிலேயே தலையைக் குனிந்துகொண்டேன். அவர் புனலை வாங்கி, காம்பில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப்போட்டார்.

“அது வூட்டுல வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. வாத்தியாரு ஏன் அத்தா என் காதுல தண்ணி ஊத்துனாருன்னு. இன்னா சொல்லட்டும்?”

இந்த முறை ஊதிப் பார்க்கப் புனலும் கையில் இல்லை.

மறுவாரம் முறை வைப்பது திரும்ப வந்தது, மேரியில் நிம்மதியடைந்தார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவ்வப்போது ஏதாவது ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். எல்லாம் சட்டென்று திரும்பின.

என் வீட்டு விளக்குக்கு மண்ணெண்ணெய் பாயின் கடையில்தான். வேறு கடை சேலியமேட்டில் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பல நாள் கடையில் அவள்தான் இருப்பாள். முதல் தடவை போனபோது, அவளுக்குத் தெரியட்டும் என்று வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் பார்வை என் கையில் இருந்த பாட்டிலின் மேல் இருந்தது. பாட்டிலை வாங்கி, புனலைச் செருகி, எண்ணெயை ஊற்றினாள். நுரை அடங்கும்வரை பொறுத்து, மீதியையும் ஊற்றினாள். மூடியை இறுக்கி என் பக்கம் தள்ளினாள். நான் மறுபடியும் சொன்னேன்.

வாரா வாரம் போனேன். அவள் அளவு குறைத்ததில்லை, முகம் கடுத்ததும் இல்லை. ஒரு தடவைகூட என் வாயைப் பார்க்கவில்லை.